கோடு போன போர்வை

சலவைக்கூடத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறைக்காரர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். தங்கும் விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். மேசைக்கு மேலே ஒரு குழல்விளக்கு. கைக்கெட்டுகிற தூரத்தில் நாலைந்து தெளிப்புக் குப்பிகள். தேய்ந்து தேய்ந்து மொட்டையாகிப்போன ஒரு பல் பிரஷ். ரத்தமா, துருவா, உதட்டுச் சாயமா, குழந்தை கக்கினதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம். அவர் தலையாட்டிய பிறகுதான் துணி எந்திரத்துக்குள் போகும்.

வெளுத்துக் காய்ந்து வரும் துணிகளை மடிக்கிற பெண்களுக்குத் தலைவி ஒருத்தி உண்டு. எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா. வாய் சும்மா இருக்காது.

"கறைக்காரரே, எங்க வீட்டுக்காரரை ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வரேன். உங்க மேசைமேல படுக்கப்போட்டு ஏதாச்சும் செய்ய முடியுமான்னு பாருங்களேன்."

"அது கறை இல்லக்கா, சாயம். நூலுக்குள்ள இறங்கிப்போச்சு. எடுத்தா துணியே கையோட வந்துடும்."

கூடம் முழுக்கச் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். அடுத்த விரிப்பை இழுத்து விளக்குக்குக் கீழே போடுவார்.

வேலை செய்து செய்து கறை தேடுகிற அந்தக் கண் அவருக்கு அப்படியே நிலைத்துப்போயிற்று. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் சட்டையில் ஒரு மைப்புள்ளி இருந்தால் போதும், இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு வருவார். வீட்டிலும் அப்படித்தான். ஜன்னல் திரை, தலையணை, மேல்துண்டு எதில் ஒரு தடம் தெரிந்தாலும் அது போகிறவரை அவருக்குச் சோறு இறங்காது.

அவர் மனைவி தையற்காரி. முன்னறை ஜன்னலோரம் தையல் எந்திரத்தைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சட்டையும் பாவாடையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுப்பாள்.

"நான் துணியில எதையாவது சேர்க்கிறவ. நீங்க துணியில இருந்து எதையாவது எடுக்கிறவர். நமக்கு எப்படித்தான் ஒத்துப்போச்சோ" என்பாள்.

"ஒத்துப்போச்சுன்னு யார் சொன்னா?" என்பார் இவர்.

அவர்களுக்கு ஒரே மகள். வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், தூரத்து நகரத்தில் தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இன்னமும் வீட்டில் அவள் பாப்பாதான். அங்கே குளிர் அதிகம் என்று ஒருமுறை தொலைபேசியில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தையற்காரிக்குத் தூக்கமில்லை. கடையில் கம்பளி வாங்கிக்கொள் என்று சொல்ல மனம் வரவில்லை. பெட்டியைக் கவிழ்த்து, பாப்பாவின் சின்ன வயதுத் துணியெல்லாம் எடுத்தாள். கைக்குட்டை அளவு சதுரம் சதுரமாக வெட்டினாள். எந்திர வேலை ஓய்ந்த நேரமெல்லாம் அதையே சேர்த்துச் சேர்த்துத் தைத்தாள். அப்படி வந்தது அந்த ஒட்டுப்போர்வை.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவருக்குக் காலை வைக்க இடமில்லை. தரை முழுக்கப் போர்வை. கீழே ஒரு துணி, அதன்மேல் பஞ்சுப் படுகை, அதற்கும் மேலே ஒட்டுத் துணி. அவள் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து வெள்ளை நூலால் நீள நீளமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். இவர் சுவரோரமாக ஒருக்களித்து நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு, அடுக்களைத் தரையிலேயே சாய்ந்துவிட்டார். நாள் முழுக்க நின்ற கால் விண்விண்ணென்று தெறித்தது. கண் செருகும்போது அவள் வந்து எழுப்பினாள்.

"எழுந்து கட்டில்ல போய்ப் படுங்க. ஓட்டு போட்டாச்சு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். டெபாசிட் போயிடுச்சு."

"அப்ப முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்" என்றாள். அதற்குமேலும் ஏதோ சொன்னாள். அவர் கட்டிலுக்குப் போகும் வழியிலேயே தூங்கிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அது நடந்தது. காலையில் இவர் வேலைக்குப் போய்விட்டார். அவள் கட்டிலில் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, கையில் பால் விடாத தேநீரோடு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டம்மா உப்பு கேட்டு வந்து கதவைத் தள்ளினால், தையற்காரி ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறாள். வாய் கோணியிருக்கிறது. டம்ளர் உருண்டு கிடக்கிறது. வலது கையும் வலது காலும் அவளுடையவையாக இல்லை.

மருத்துவமனையில் பிழைக்க வைத்துவிட்டார்கள். "இன்னொரு தடவை வராம பாத்துக்கணும்" என்றார் மருத்துவர். வந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பாப்பா கிடைத்த வண்டியைப் பிடித்து வந்து அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டாள். தையற்காரி கண் விழித்தாள், ஆளைத் தெரிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் மட்டும் சொல்லெல்லாம் கூழாகக் கலந்து வந்தது. என்ன கேட்கிறாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

கறைக்காரர் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் சலவைக்கூடத்துக்குமாக அலைந்தார். வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்தப் போர்வை கண்ணில் பட்டது. அவள் விழுந்த இடத்திலேயே சுருண்டு கிடந்தது. அதில் ஓர் ஓரமாகத் தேநீர் கொட்டி, காய்ந்து, பழுப்பேறி, விளிம்பு கட்டியிருந்தது. தேயிலைக் கறையை நாள்படப் போட்டால் அது துணிக்குச் சொந்தமாகிவிடும், அவருக்குத் தெரியாததா? ஆனால் அவரை அரித்தது அது மட்டுமில்லை. அவள் வீடு திரும்பும்போது, அந்தக் காலைப்பொழுதின் தடம் ஒன்றுகூட அவள் கண்ணில் படக்கூடாது.

மடிப்பக்கா விஷயத்தைக் கேட்டதும் சொன்னாள்: "இங்க கொண்டாங்க கறைக்காரரே. விடுதித் துணியோட போட்டுடலாம். அரை மணி நேரத்துல வந்துடும்."

"வேண்டாங்கா. எந்திரம் கைத்தையலை மதிக்காது. முறுக்கிப் பிழிஞ்சு எறிஞ்சிடும். இது நானே கையால பாத்துக்கிறேன். அந்தப் பெரிய தொட்டியை மட்டும் ஒருநாள் இரவல் குடுங்க."

வாரவிடுமுறை நாள் விடிந்ததும் தொடங்கினார். அவர் வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் துணி வெளுத்திருப்பாரோ, அதில் எதற்கும் அப்படி ஒரு கவனம் எடுத்ததில்லை. முதலில் போர்வையைக் கட்டிலில் விரித்து ஊசி, குண்டூசி ஏதும் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். ஒரு மூலையில் நூல் கோத்தபடி ஓர் ஊசி குத்தியிருந்தது. எடுக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, நூலை அறுத்து ஊசியைப் பத்திரமாக டப்பாவில் போட்டார்.

அடுத்து, சாயம் இறங்குமா என்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து சிவப்புச் சதுரத்தின்மேல் அழுத்தி வைத்து எடுத்தார். சுத்தம். பச்சையில் வைத்தார். சுத்தம். கருநீலத்திலும் ஒன்றுமில்லை. கெட்டிச் சாயம்தான் என்று நிம்மதியானார். அப்போதுதான் கவனித்தார், போர்வை நெடுக மெல்லிசாக நீலத்தில் கோடுகள் ஓடின. வளைந்து வளைந்து, கிளை விட்டு, இலை விட்டு, ஒரு சதுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போயின. ஈரத் துணியை அதன்மேல் வைத்தார். நீலம் அப்படியே துணிக்கு வந்துவிட்டது. ஏதோ மை, நல்லவேளை, தண்ணீரிலேயே போகிற மை என்று எண்ணினார்.

தேநீர் கொட்டிய இடத்தை வினிகர் கலந்த தண்ணீரால் ஒற்றி ஒற்றி எடுத்தார். தேய்க்கவில்லை. தேய்த்தால் நூல் பிசிறடிக்கும். தொட்டிக்குள் முதலில் ஒரு பழைய விரிப்பைப் பரப்பி, அதன்மேல் போர்வையை இறக்கினார். ஈரப் போர்வை பிணமாகக் கனக்கும். அதைப் பிடித்துத் தூக்கினால் அதன் எடையே அதன் தையலை அறுக்கும். அடியில் இருக்கும் விரிப்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். வெந்நீர் கூடாது, பச்சைத் தண்ணீர்தான். சோப்பு நுரையும் பேருக்குத்தான். கசக்காமல், முறுக்காமல், மாவை அமுக்குவதுபோல அமுக்கி அமுக்கி விட்டார். முதல் தண்ணீர் பழுப்பும் நீலமுமாக இறங்கியது. அதை வடித்துவிட்டு வேறு தண்ணீர். அதையும் வடித்துவிட்டு வேறு. தொட்டியின் அடியில் கிடக்கும் விரிப்பின் பூப்போட்ட கரை தெளிவாகத் தெரிகிறவரை, தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிறவரை, அவர் நிறுத்தவில்லை. இடுப்பு நிமிரவில்லை. ஆனாலும் மனசு லேசாகியிருந்தது. இத்தனை நாளில் அவளுக்கென்று தன்னால் ஆனது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டம்மா விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க, இருவருமாக மாடிக்குத் தூக்கிப் போனார்கள்.

"ஒரு யானைக்குட்டியைக் குளிப்பாட்டினாப்புல இருக்கே! கொடியில போட்டுடுங்க, காஞ்சிடும்."

"கொடியில போட்டா தண்ணியெல்லாம் கீழ் ஓரத்துக்கு இறங்கி இழுக்கும்மா. தையல் விட்டுடும். படுக்கவச்சுத்தான் காய வைக்கணும்."

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு விரிப்பு, அதன்மேல் போர்வை, அதன்மேல் பறவை எச்சம் படாமல் இன்னொரு விரிப்பு. வெயில் நேராகப் பட்டால் நிறம் வெளிறும். பரப்பும்போது உள்ளே பஞ்சு அங்கங்கே கட்டி கட்டியாகச் சேர்ந்திருந்தது கைக்குத் தெரிந்தது. இவ்வளவு நெருக்கமாகத் தைக்கிறவள் இதில் எப்படிப் பஞ்சை நகரவிட்டாள் என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு விரலால் தட்டித் தட்டிப் பரப்பிவிட்டு, குளித்து, மருத்துவமனைக்குப் போனார்.

வாசலிலேயே பாப்பா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அம்மா பேசிட்டாங்க! முழுசா பேசிட்டாங்க!"

தையற்காரி தலையணையில் சாய்ந்திருந்தாள். முகத்தின் ஒரு பாதி மட்டும் அவரைப் பார்த்துச் சிரித்தது. இத்தனை நாள் வாய்க்குள் கூட்டிக்கூட்டி வைத்திருந்ததை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி வைத்தாள்.

"போர்வை... ஓட்டு மட்டுந்தான் போட்டிருக்கேன். பாப்பாகிட்ட குடுங்க. கோடு போட்டு வச்சிருக்கேன். அது மேல... தைச்சா போதும்."

கறைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பாப்பாதான் உற்சாகமாக விளக்கினாள்.

"ஓட்டுத் தையல்னா சும்மா துணி நகராம இருக்கறதுக்குப்பா. அப்புறம் பிரிச்சிடுவாங்க. உண்மையான தையல் இனிமேதான் போடணும். அம்மா கொடி கொடியா கையாலேயே வரைஞ்சிருக்காங்களாம். எதையும் பாத்து இல்ல, மனசுல இருந்து. ஒரு மூலையில தைக்க ஆரம்பிச்சப்பதான்..." அவள் அதோடு நிறுத்தி, அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை வைத்த இடத்தில் கிடந்தது. "நான் லீவு போட்டிருக்கேன்ல? அம்மா கோடு மேலேயே தைச்சு முடிச்சுடறேன்."

"கோடு இருக்கு" என்றாள் தையற்காரி. தன் வலது கையைப் பார்த்தபடியே சொன்னாள். "கை போனா என்ன. கோடு இருக்கு."

கறைக்காரர் தலையாட்டினார். சலவைக்கூடத்தில் ஆட்டுகிற அதே தலையாட்டல்தான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

அப்போது ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. முன்னெல்லாம் அவள் பென்சிலால்தான் துணியில் கோடு போடுவாள். கரி துணியைவிட்டு லேசில் போகாது என்று சண்டை போட்டவர் இவர்தான். "போடறதுதான் போடற, தண்ணியில போற மாதிரி ஒண்ணால போடேன்!" அதற்கப்புறம்தான் அவள் அந்த நீலப் பேனாவை வாங்கினாள்.

வீட்டுக்கு ஓடி, மாடிக்கு ஏறி, மேல் விரிப்பை விலக்கினார். போர்வை முக்கால்வாசி காய்ந்திருந்தது. பளிச்சென்று இருந்தது. ஒரு கோடு இல்லை. கீழே எடுத்து வந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார். விளக்கின்மேல் பிடித்துப் பார்த்தார். பேனா நுனி அழுத்திய பள்ளமாவது இருக்குமா என்று கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். மறுநாள் போர்வையைச் சலவைக்கூடத்துக்கே தூக்கிப்போய்த் தன் மேசை விளக்குக்குக் கீழே போட்டார்.

மடிப்பக்கா எட்டிப் பார்த்தாள். "ஒரு கறையும் இல்லியே. என்ன தேடறீங்க?"

"அதைத்தான் தேடறேன்."

அவள் வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மனைவி வழக்கமாக வாங்குகிற நூல்கடைக்குப் போனார். கடைக்காரம்மா நீலப் பேனாவை எடுத்துக் காட்டினாள். "இதுதானே? இதைத்தான் அக்கா வாங்கிட்டுப் போவாங்க."

"இதுல போட்ட கோடு போயிட்டா, திரும்ப வர வைக்க ஏதாவது வழி இருக்கா?"

"அட, போகலேன்னுதானே எல்லாரும் வந்து நிப்பாங்க? நீங்க வேற!" என்று சிரித்தாள். "சிலருக்குத் தானாவே திரும்பி வருங்க. மேலாப்புல தண்ணியைத் தெளிச்சுட்டு விட்டுடுவாங்க. மை பஞ்சுக்குள்ள இறங்கி நிக்கும். துணி காயக் காய மேல ஏறி வந்துடும். கோடு பழைய மாதிரியே நிக்கும். என்கிட்ட வந்து சண்டை பிடிப்பாங்க. நீங்க எப்படி அலசினீங்க?"

"தண்ணி கண்ணாடியா வர்ற வரைக்கும்."

"ஓ" என்றாள். பேனாவை எடுத்த இடத்தில் வைத்தாள். "அப்ப வராதுங்க. நல்லாத்தான் துவைச்சிருக்கீங்க."

எத்தனையோ முதலாளிகள் எத்தனையோ முறை அவர் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் கடைப் படியிறங்கும்போது அவர் காதில் வசவாகக் கேட்டது. ஒரு சோம்பேறி அலசியிருந்தால், அவசரக்காரன் அலசியிருந்தால், வேலை தெரியாத எவனாவது அலசியிருந்தால்கூட அவள் கோடு தப்பித்திருக்கும்.

தையற்காரியை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். போர்வை இன்னும் ஈரமாக இருக்கிறது என்று அவர் பாப்பாவிடம் சொல்லியிருந்தார்.

"வெளிய இந்த வெயில் அடிக்குது. என்னப்பா இன்னும் ஈரம்?"

"பஞ்சும்மா. உள்ள காயணும்."

"அது எதுக்கு ஈரமாச்சு? துவைச்சீங்களா என்ன?"

அவர் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கொண்டாங்க."

அலமாரி மேலிருந்து எடுத்து வந்து அவள் மடியில் விரித்தார். அவள் இடது கையால் ஒரு சதுரத்தைத் தடவினாள். பக்கத்துச் சதுரத்துக்குப் போனாள். முகத்தருகே கொண்டுபோய் மோந்தாள். கையெட்டும் தூரம்வரை தடவிவிட்டு, மீதியை இழுத்துத் தரச் சொல்லி அதையும் தடவினாள். ஒரு மூலையில் மட்டும் அவள் தைத்திருந்த ஒரே ஒரு கொடி, நாலைந்து இலையோடு நின்றது. அங்கே வந்ததும் கை நின்றது.

"டீ கொட்டியிருந்துச்சு" என்றார் கறைக்காரர். "நீ வந்து பாக்கறப்ப அது இருக்கக்கூடாதுன்னு..."

"போச்சா?"

"போச்சு."

"கோடு?"

பாப்பா போர்வையைப் பிடுங்கி இப்படியும் அப்படியும் புரட்டினாள். "என்னப்பா இது? அம்மா கை கடைசியா போட்டது இதுதானேப்பா. இனிமே..." என்று ஆரம்பித்தவள், அம்மா கேட்டுக்கொண்டிருப்பதை உணர்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தையற்காரி கணவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"கறைக்காரர்" என்றாள்.

ஊரெல்லாம் அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரெண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. கஞ்சியை ஊட்டினால் குடித்தாள், புரட்டிப் படுக்க வைத்தால் படுத்தாள். அவர் வேலைக்குப் போகாமல் அடுக்களைக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்தார். அப்புறம் பாப்பாவே நூல்கடைக்குப் போய்ப் புதுப் பேனா வாங்கி வந்து அம்மாவின் இடது கையில் வைத்தாள்.

"முயற்சி பண்ணிப் பாரும்மா. கோணலா இருந்தாலும் பரவால்ல. எனக்குத்தானே?"

தையற்காரி ஒரு கோடு போட்டாள். ஒரு சதுரத்தைக்கூட அது தாண்டவில்லை. நடுங்கி, ஒடிந்து, தான் போகிற இடம் தெரியாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் கையோ" என்றாள். பேனாவை நீட்டினாள். "நீங்க போடுங்க."

"நானா?"

"எடுத்தவர்தானே? போடுங்க. நான் வழி சொல்றேன்."

அவர் கட்டிலோரம் மண்டியிட்டார். பேனாவைத் திறந்து சுத்தமான துணிமேல் கொண்டுபோனார். வாழ்நாள் முழுக்கத் துணியிலிருந்து எடுத்தே பழகிய கை. கறையில்லாத இடத்தில் ஒரு தடம் வைக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை.

"வைங்க" என்றாள் அவள். "வச்சு வளைங்க. அங்க ஒரு இலை."

நுனியை வைத்தார். வளைக்க வரவில்லை. வைத்த இடத்திலேயே கை நின்றுவிட்டது. நீலம் ஊறி, படர்ந்து, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பெரிதானது.

தையற்காரி எட்டிப் பார்த்தாள். "கறை" என்றாள்.

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவின் பாதி முகமும் சிரித்தது. அந்தப் பாதி முகத்தைப் பார்த்து இவரும் சிரிக்கப் போனார், அது வேறு விதமாக வெளியே வந்துவிட்டது. போர்வைமேல் சொட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாப்பாவின் லீவு முடிந்தது. கிளம்புகிற அன்று காலை அவள் போர்வையை மடித்துத் தன் பையில் வைக்கப் பார்த்தாள்.

"அங்க போய் நேர்கோடா போட்டு, நானே தைச்சுக்கிறேம்மா."

"நேர்கோடா?" என்றாள் தையற்காரி. பேச்சு இப்போது கொஞ்சம் தெளிந்திருந்தது. "நேர்கோடு யார் வேணா போடலாம். அதுக்கு நீ கடையில வாங்கிக்க. இது இங்க இருக்கட்டும்."

பாப்பா எவ்வளவோ கெஞ்சினாள். அம்மா அசையவில்லை. கடைசியில் பையிலிருந்து எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவை மட்டும் ஒரு முறை இறுக்கிக் கட்டிக்கொண்டுவிட்டு வண்டியேறினாள். அவளை ஏற்றிவிட்டு அவர் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்து ஜன்னலைச் சாத்தினார்.

"குளிருது" என்றாள் மனைவி. "அதைப் போத்துங்க."

அவர் கம்பளியை எடுத்தார்.

"அது இல்ல. அதை."

"அது பாப்பாவுக்குத் தைச்சதுல்ல?"

"தைக்கலையே."

அவர் போர்வையை எடுத்து விரித்தார். விரிக்கும்போதே ஒரு பக்கம் ஓட்டு நூல் ஒன்று பட்டென்று விட்டது. உள்ளே பஞ்சு சரிந்தது கைக்குத் தெரிந்தது.

"உள்ள தையல் இல்லம்மா. போத்திப் புரண்டா பஞ்செல்லாம் ஒரு பக்கமா போயிடும். அதிக நாளைக்குத் தாங்காது" என்றார்.

"ஒரு குளிருக்குத் தாங்கும்ல?"

"அது தாங்கும்."

"எனக்கு அது போதும்."

மருத்துவர் சொன்னது அவளுக்கும் தெரியும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. குனிந்து, போர்வையை அவள்மேல் இழுத்துவிட்டார். கழுத்துவரை ஏற்றி, தோளைச் சுற்றி, அந்த அசையாத கையை உள்ளே எடுத்து வைத்து, ஓரத்தையெல்லாம் காற்று புகாதபடி செருகினார். பஞ்சு சேர்ந்த இடங்களை விரலால் தட்டித் தட்டிப் பரப்பினார். நிதானமாக, ஒரு சுருக்கம் விடாமல் செய்தார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க" என்றாள்.

"ம்?"

"அந்தப் பக்கம்தான் மரத்துப்போச்சே, எவ்வளவு போத்தினாலும் எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் வாங்க."

அவர் கட்டிலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.